கொடுத்த கையின் இளைப்பாறல்

கொடுத்த கணத்தில் மனம் இலேசாகிறது. நாம் எல்லோரும் அதை அறிவோம். பசித்து வந்தவருக்கு ஒரு வேளைச் சோறு, படிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக் கட்டணம், ஊர்க் கோயில் திருப்பணிக்கு நம்மால் இயன்ற சிறு தொகை. ஏதோ ஒரு நாளில் எதையோ கொடுத்திருக்கிறோம். கொடுத்ததும் மூச்சு சற்றே நீளமாகிறது, நெஞ்சுக்குள் ஓர் இடம் காலியாகிறது. ஆனால் அந்தக் காலி இடத்தில் மனம் வெகு நேரம் தங்குவதில்லை. மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது. கொடுத்தது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தவர் நம்மை நினைத்துக்கொண்டாரா? ரசீதில் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்களா? பொருள் கையை விட்டுப் போய்விட்டது, மனத்தை விட்டு இன்னும் போகவில்லை. கொடுத்தும் கொடுக்காதவர்களாக நாம் நிற்கும் அந்த இடத்தில்தான் இன்று சற்று நேரம் சேர்ந்து அமரப் போகிறோம்.

அப்படி அமர ஒரு துணை வேண்டும். செட்டிநாட்டில் அந்தத் துணைக்குக் குறைவில்லை. காரைக்குடிப் பக்கம் போய் 'வள்ளல்' என்று சொன்னால் போதும், எந்த வள்ளல் என்று யாரும் கேட்பதில்லை. கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி பிறந்து, 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி மறைந்த டாக்டர் ராம. அழகப்பச் செட்டியாரைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நாற்பத்தெட்டு நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. அத்தனை குறுகிய வாழ்வு. அந்த வாழ்விலும் காரைக்குடியில் அவர் எழுப்பிய கல்வி நிலையங்கள் ஏறக்குறைய எல்லாமே கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் எழுந்தவை. இதை நினைக்கும்போது காலத்தைப் பற்றி நமக்கு இருக்கும் அவசரம் கொஞ்சம் தணிகிறது. பத்து ஆண்டு என்பது சிறிய காலமில்லை, மனம் அதைச் சிதறவிடாதிருந்தால்.

அவருடைய இளமை ஆசை நிறைந்த இளமை. இதை மறைக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டன் சென்று சட்டம் படித்தார், வங்கித் தொழில் பழகினார், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து திருச்சூருக்கு அருகே 1937-ல் பஞ்சாலை நிறுவினார். மலேயாவில் ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம், கல்கத்தாவில் காப்பீட்டுத் தொழில், ரங்கூனில் ஹோட்டல் என்று அவர் கை நீண்ட இடங்கள் பல. ஜூபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனத்தையே நடத்தினார். ஆங்கில அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை பெற்றதும் அதைத் துறந்தார்.

ஆன்மிகம் பேசுகிறவர்கள் ஆசையை ஒழி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அதே ஆசையோடு உறங்குகிறார். அழகப்பரின் வாழ்வைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. ஆசை அவரிடம் குறையவே இல்லை. வானத்தில் பறக்க ஆசைப்பட்ட அதே மனம்தான் பிறகு கல்லூரிகள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும் என்று ஆசைப்பட்டது. வேகம் அதே வேகம். அது ஓடிச் சேரும் இடம் மட்டும் மாறியது. நம்முடைய ஆசைகளையும் நாம் அப்படிப் பார்க்கலாம். அவற்றோடு சண்டையிட வேண்டாம். அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பார்க்கப் பார்க்க அவற்றின் திசை மெல்ல மாறும்.

செட்டிநாட்டு மண்ணுக்கு இந்தப் பார்வை பழையது. நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் வணிகம் நடத்திய காலத்தில் கணக்கில் 'மகமை' என்று ஒரு பகுதி உண்டு. வரவில் ஒரு பங்கு அறத்துக்கென்று தனியே போகும். வரவு சிறிதாக இருந்தால் மகமை சிறிது, பெரிதாக இருந்தால் பெரிது. பழனிக்கு உப்பு விற்கப் போன முன்னோர் முருகனுக்கு மகமை வைத்த கதையை இன்றும் சொல்வார்கள். ஐந்தொகை பார்க்கும் நாளில் ஆண்டவனுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருள்களை ஏந்தி, 'சம்போ' என்று முழங்கியபடி நாள்தோறும் ஊர்வலமாகச் செல்லும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. முதலில் அனுப்பியவர் யார், இன்று ஏந்திச் செல்பவர் யார் என்று கங்கைக் கரையில் யாரும் விசாரிப்பதில்லை.

மகமையின் அழகு அதன் அளவில் இல்லை. 'இது முழுவதும் என்னுடையது' என்று மனம் முடிவு கட்டுவதற்கு முன்பே ஒரு பங்கு விலகிப் போய்விடுகிறதே, அதில் இருக்கிறது. முழுவதும் என்னுடையது என்று ஒரு முறை எண்ணிவிட்டால் பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுப்பதுகூட இழப்பாகத் தெரியும். முதலிலேயே விலகியதோ இழப்பாகத் தெரிவதே இல்லை. 'என்னுடையது' என்ற எண்ணம் இறுகுவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறது. அந்த ஒரு கணத்தைத்தான் அந்தக் கணக்குப் புத்தகங்கள் காத்தன.

இந்த ஊர்களின் மழையும் அப்படித்தான். ஊருணியின் நீரை அறிவுடையவர் செல்வத்துக்கு உவமை சொன்னார் வள்ளுவர். மேடைகளில் நாம் பலமுறை கேட்டுத் தேய்ந்த உவமைதான். ஆனால் சிவகங்கைச் சீமையில் அது வெறும் உவமையாக இருக்க முடியாது. இங்கே வற்றாத ஆறு இல்லை. வானம் எப்போதோ ஒரு முறை தந்ததுதான் குடிநீராக இருந்தது. அதனால் செட்டிநாட்டு வீட்டின் ஓட்டுக் கூரைகள் வளவு முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கின்றன. விழும் மழை அண்டாவில் நிறைகிறது, கிணற்றுக்குப் போகிறது, மிஞ்சியது தெருவைத் தாண்டி ஊருணியைத் தேடிப் போகிறது. ஊருணியில் சேர்ந்த பிறகு எந்த வீட்டுக் கூரையில் விழுந்த நீர் எது என்று பிரிக்க முடியாது. குடம் எடுத்து வருகிறவர் நீரைத்தான் பார்க்கிறார், கூரையைப் பார்ப்பதில்லை. கொடுத்தது அந்த நிலையை அடையும் வரை, நண்பர்களே, கொடுத்தல் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

1947. நாடு விடுதலையின் வாசலில் நின்றிருந்த நாட்கள். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா. அந்த விழாவில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வம் உள்ளவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வேண்டுகோள்களை நாமும் கேட்டிருக்கிறோம். கேட்டு, நெகிழ்ந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்திருக்கிறோம். அழகப்பர் யோசிக்க அவகாசம் கேட்கவில்லை. காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. அழகப்பா கலைக் கல்லூரியின் பிறப்பு அது. கட்டடம் எழும்பட்டும், நல்ல நாள் வரட்டும், எல்லாம் கூடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நல்ல எண்ணம் எழும் கணத்துக்கும் அது செயலாகும் கணத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் நம் அமைதி களவு போகிறது. அங்கேதான் அச்சம் வந்து அமர்கிறது. நாளைக்கு வேண்டியிருக்குமே, பிள்ளைகள் என்ன சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார். எண்ணத்தில் பிழையில்லை, அச்சத்திலும்கூடப் பெரும் பிழையில்லை. நடுவில் அந்த இடைவெளியை நாம் நீளவிடுகிறோம், அவ்வளவுதான். அது குறுகக் குறுக மனத்துக்குள் பேச்சும் குறைகிறது. ஒருவேளை, உடனே கொடுப்பவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதைவிட, நம்மைவிட அமைதியானவர்கள் என்பது சரியாக இருக்கும்.

காரைக்குடிக்கு முன்பே சென்னையில் அவர் கை திறந்திருந்தது. 1944-ல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழ ஐந்து லட்சம் ரூபாய் தந்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்கு ஒரு லட்சம். காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடர்ந்து 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, சிறுவர் பள்ளி, பெண்கள் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்க அடுக்கப் பட்டியல்தான் நீளும், மனிதர் மறைந்துபோவார். ஒன்றில் மட்டும் சற்று நிற்போம்.

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு தேசிய ஆய்வகம் அமைக்க இந்திய அரசு எண்ணியபோது, காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர அழகப்பர் முன்வந்தார். 1948 ஜூலை 25-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கொடுத்தது வறண்ட செம்மண் நிலம். அதில் விளையப் போவது மின்கலம் பற்றிய அறிவு, இரும்பைத் துரு தின்னாமல் காக்கும் அறிவு. இன்றும் அந்த ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் ஒரு நிலையம் வைத்து, உப்புக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதில் என் மனம் தங்கும் இடம் ஒன்று உண்டு. அன்னதானம் செய்தால் உண்டவர் முகம் மலர்வதைப் பார்த்துவிடலாம். கோயில் கட்டினால் கோபுரத்தைக் கண்ணால் பார்த்துக் கும்பிடலாம். ஆய்வகம் கட்டியவருக்கு அப்படி எதுவும் உடனே கிடைக்காது. விளைவு இருபது ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அது பயன்படப் போவது பிறக்காத ஒருவருக்கு, முன்பின் தெரியாத ஊரில். தன் கண்ணுக்குத் தெரியாத பலனுக்குக் கொடுக்கும்போது மனம் திரும்பிப் பார்க்க வழியே இல்லாமல் போகிறது. திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் முன்னோக்கித்தான் பார்க்க வேண்டும், அல்லது கண்ணை மூடி அமைதியாக இருக்க வேண்டும். பலனில் பற்று வைக்காதே என்ற உபதேசத்தை எத்தனையோ உரைகளில் கேட்டிருக்கிறோம். இங்கே அது 300 ஏக்கரில் வேலி போட்டு நிற்கிறது.

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பார்க்க வருகிறார்கள். பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் தெருவின் இந்த முனையில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். இவற்றை ஏளனமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த வளவுகளில் திருமணங்கள் நடந்தன, ஆச்சிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள், தச்சரும் கொத்தனாரும் தங்கள் கலையின் உச்சத்தைத் தொட்டார்கள். ஆனாலும் அவற்றில் பல இன்று ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. முன்னோரை வணங்கும் படைப்பு நாளிலோ திருமணத்திலோ பங்காளிகள் கூடும்போது திறக்கின்றன, மறுபடி பூட்டப்படுகின்றன.

செல்வம் நிலையாது என்பதை இந்தச் சீமைக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறையக் கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தது. காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதை பர்மா போன ஊர்களில் எல்லாம் இருக்கிறது. பிறகு அங்கே வந்த அரசுகள் நிலங்களை எடுத்துக்கொண்டன. பேரேட்டில் எழுதிய எண்கள் எழுதிய இடத்திலேயே இருந்தன, நிலம் மட்டும் இல்லை. அழகப்பர் தம் கொடைகளைத் தொடங்கியது இந்த இழப்பின் நிழலில்தான். இழந்தவர்கள் நடுவில் இருப்பவருக்குக் கை தானாக இறுகும், இருப்பதையாவது காப்போம் என்று. அவர் கை திறந்தது. நேரு அவரைச் சோஷலிசம் பேசும் முதலாளி என்ற பொருள்படப் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அரசியல் சொல்லை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அழகப்பர் கண்ட உண்மை எளிது. போகப் போவது போகத்தான் போகிறது, எங்கே போகிறது என்பதை மட்டும் நாம் சொல்லலாம்.

நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். அந்தப் பட்டினத்து வணிகர்தானே பட்டினத்தார். கடல் கடந்து வணிகம் செய்து திரும்பிய மகன் விட்டுச் சென்ற பேழைக்குள் காதில்லாத ஊசி ஒன்றைக் கண்டார், மறுகணம் அத்தனை செல்வத்தையும் விட்டு வெளியே நடந்தார் என்பது கதை. செல்வத்தை விட்டுப் போவது ஒரு வழி. செல்வத்தின் நடுவிலேயே இருந்து அதைப் பிறருக்கு மாற்றிவிடுவது இன்னொரு வழி. முதல் வழியைத்தான் நாம் துறவு என்று கும்பிடுகிறோம். இரண்டாவது அதைவிடக் கடினம் என்றே எனக்குப் படுகிறது. விட்டுப் போனவருக்கு நாளை காலை கடை திறக்க வேண்டியதில்லை. கொடுக்கிறவரோ மறுநாளும் சந்தைக்குப் போக வேண்டும், மறுபடி ஈட்ட வேண்டும், ஈட்டும்போது ஈட்டுகிறவரின் கூர்மை வேண்டும், கொடுக்கும்போது அந்தக் கூர்மையைக் கீழே வைக்க வேண்டும். ஒரே மனம் இரண்டையும் பழக வேண்டும். காவி கட்டாத துறவிகள் நம் ஊர்களில் நாம் நினைப்பதைவிட அதிகம் இருந்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது இந்த வாழ்வின் கடினமான பகுதி. இதைச் சொல்லாமல் போனால் வள்ளலைப் படமாக மாட்டி மாலை போட்டதாக ஆகும்.

கணித மேதை ராமானுஜனின் நினைவாக 1950-ல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தை அழகப்பர் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஹார்டியிடம் பயின்ற டி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். ராமானுஜனை உலகுக்கு அறிமுகப்படுத்திய அதே ஹார்டிதான். சோறு போடாத, லாபம் தராத தூய கணிதத்துக்கு ஒரு வணிகர் வீடு கட்டிக் கொடுத்தது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் 1955-ல் விஜயராகவன் மறைந்தார். அழகப்பரின் உடல்நலமும் தொழில்நலமும் தளர்ந்தன. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தும் நிலையில் தாம் இல்லை என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் 'தருகிறேன்' என்று சொல்லிப் பழகிய நாக்கு, 'இனி என்னால் இயலாது' என்று சொல்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். நிறுவனத்தைத் தொடங்கும்போதே அதற்கு நிரந்தர வைப்புநிதி வைத்துவிட வேண்டும், அள்ளிக் கொடுப்பது வேறு, நிலைக்கக் கொடுப்பது வேறு என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். கொடைக்கும் விவேகம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விவேகம் முழுமையாகும் வரை காத்திருந்தவர்களின் பெயரில் ஒரு கணித நிறுவனமும் இல்லை.

ஒருவர் உள்ளத்தில் என்ன ஓடியது என்று இன்னொருவர் எழுதுவது முறையில்லை. நம் உள்ளத்தை நாம் கேட்கலாம். நாம் தொடங்கிய ஒன்றை நாமே நடத்த முடியாமல் போகும்போது நமக்கு என்ன நேர்கிறது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முடியாது என்று ஒப்புக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டே அதை மூழ்கடிக்கிறோம். அல்லது, எனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்று மூடிவிடுகிறோம். இரண்டுமே 'என்னுடையது' என்ற அந்தப் பழைய எண்ணத்தின் வேலை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. என்னால் இயலவில்லை என்று சொல்லிக் கையை விலக்கிக்கொள்வது. கொடுப்பதற்குத் திறந்த கையைவிட, இப்படி விலகுவதற்குத் திறக்கும் கைக்கு அதிக வலிமை வேண்டும். கை விலகிய இடத்தில்தான் வேறு கைகள் வர முடிகிறது.

வந்தன. வான்இயற்பியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் அமெரிக்காவிலிருந்து நேருவுக்கு எடுத்துச் சொன்னார். 1957-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு பல்கலைக்கழகக் கணிதத் துறையோடு இணைந்து, ராமானுஜன் உயர் கணித ஆய்வு நிறுவனமாக இன்றும் சேப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே பலகையில் சுண்ணக்கட்டியோடு நிற்கும் மாணவருக்கு ராமானுஜன் பெயர் தெரியும். இதைத் தொடங்கியவர் பெயர் தெரியுமா என்று கேட்டால் சிலர் விழிக்கக்கூடும். விழிக்கட்டும். கொடை ஊருணியில் சேர்ந்துவிட்டது.

காரைக்குடி அப்படியில்லையே, அங்கே எங்கு திரும்பினாலும் அழகப்பா என்ற பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பெயர் பொறித்த கொடை பற்றில்லாத கொடையா? இதை நானும் பல நாள் மனத்தில் வைத்திருந்தேன். கிண்டிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியை 'ஏ.சி. டெக்' என்கிறார்கள். அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பேச்சுவேகத்தில் யாருக்கும் நினைவில்லை. திருச்சூர் அருகே பஞ்சாலை எழுந்த இடத்தில் அழகப்பநகர் என்று ஓர் ஊராட்சியே இருக்கிறது. அங்கே பிறந்து வளரும் மலையாளக் குழந்தைக்கு அது தன் ஊர்ப் பெயர், அவ்வளவே. காரைக்குடியில் பேருந்து நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லி ஆளை இறக்கிவிடுகிறார். மனிதரின் பெயராக இருந்தது இடத்தின் பெயராகி, இடத்தின் பெயர் முகவரியாகி, முகவரி பேச்சில் கரைந்துவிட்டது. பெயருக்கும் முடிவில் அதுதான் கதி. நாம் அதைக் கல்லில் செதுக்கினாலும் காலம் அதைப் பொதுச்சொத்தாக்கிவிடும். ஆகவே பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

1985-ல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தது. ஒருவர் தொடங்கிய கல்லூரிகள் சில பல்கலைக்கழகத்துக்குப் போயின, சில அரசிடம் போயின, சில அறக்கட்டளையிடம் இருக்கின்றன. இன்று அவை யாருடையவை? அங்கே படிக்கிறவர்களுடையவை. மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்.

நம்மிடம் 300 ஏக்கர் இல்லை. பலருக்கு மூன்று சென்ட்கூட இல்லை. ஆனால் 'என்னுடையது' என்ற எண்ணம் 300 ஏக்கர் உடையவருக்கும் மூன்று சென்ட் உடையவருக்கும் ஒரே அளவுதான். அதனால் அதைத் தளர்த்தும் பயிற்சியும் இருவருக்கும் ஒன்றுதான். இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு சற்று நேரம் எழுந்து அமருங்கள். மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். வாங்கிய மூச்சை யாரும் வைத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. பிறகு, நீங்கள் என்றோ கொடுத்து, இன்னும் மனத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அண்ணன் மகனுக்குக் கட்டிய கட்டணமாக இருக்கலாம், நண்பருக்குக் கொடுத்துத் திரும்பாத பணமாக இருக்கலாம், வளர்த்து ஆளாக்கியவர் காட்டாத நன்றியாக இருக்கலாம். அதை ஒரு முறை, இந்த முறை உண்மையாகவே, கொடுத்துவிடுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். மனம் மறுநாள் அதை மறுபடி எடுத்து வரும். கோபப்படாமல் மறுபடி கொடுங்கள். அது வந்துகொண்டும் நீங்கள் கொடுத்துக்கொண்டும் இருக்க, ஒரு நாள் அது வராது. அந்த நாளில் வரும் அமைதிக்கு விலையும் இல்லை, ரசீதும் இல்லை.

ஏப்ரல் 5 அவருடைய நினைவு நாள், ஏப்ரல் 6 பிறந்த நாள். பிறப்பும் மறைவும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பதால் ஊரில் மாலையும் மலரும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாட்களில் காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரை வணங்கிவிட்டு, கல்லூரிச் சாலைக்கும் ஒரு நடை வரலாம். பங்குனி வெயில் அங்கே கடுமை, காலை பத்து மணிக்குள் நடந்துவிடுங்கள். மரத்தடியில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மட்டும் பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.